உல்லாசப் பயணமும் வீட்டில் இருப்பவரின் ஹக்கும்



கண்டிக்கு அண்மித்த ஊரொன்றிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாமென்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். கடிதத்தில் இரண்டு கேள்விகள். முதலாவது கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. அக்குறணை, மடவளை, கம்பளை, மாவனல்லை என்று நம்முடைய எத்தனையோ வீடுகளில் யாரும் வாய்விட்டுக் கேட்காமல் கிடக்கின்ற கேள்வி அது. ஆகவே இம்மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

2021 ஏப்ரலில், நோன்பு தொடங்குவதற்கு முந்திய வார இறுதியில், அவருடைய குடும்பமும் கொழும்பிலிருந்து வந்த கணவரின் உடன்பிறப்புகளுமாக இரண்டு வேன்களில் நுவரெலியாவுக்குப் போயிருக்கிறார்கள். முழங்கால் வலியால் மாமி மட்டும் வீட்டில் தங்கிவிட்டார். போனவர்களில் இரண்டு பேருக்குச் சாதாரணத் தடிமல் வந்து போய்விட்டது. போகாத மாமிக்கு நோன்பு பத்தளவில் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கேயே மௌத்தாகிவிட்டார். ஜனாஸா ஓட்டமாவடிக்குப் போனது. “மாமி மௌத்தானது எங்களாலா?” என்று சகோதரி கேட்கிறார். “கத்ரை யாராலும் மாற்ற முடியாது, அதைப் பற்றி இனிப் பேசாதே” என்பது கணவரின் பதில். இவருக்கோ மனம் அடங்கவில்லை. இப்போது மீண்டும் விடுமுறைக்கு வேன் பேசியாகிவிட்டது. வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், மூத்தாப்பாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது. என்ன செய்வது என்கிறார்.

கணவர் சொன்ன வார்த்தை உண்மையானது. ஆனால் உண்மையான வார்த்தையைக் கொண்டும் ஒரு கேள்வியை மூடி மறைத்துவிட முடியும். அதனால் அந்த நாட்களில் என்ன நடந்தது என்பதிலிருந்தே தொடங்குவோம்.

அந்த ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். முந்திய வருடம், 2020 மார்ச்சில், ஊரடங்கு வந்தது, பள்ளிவாசல்கள் மூடப்பட்டன, மார்ச் இறுதியில் அக்குறணை முழுவதுமாக முடக்கப்பட்டது. அந்த வருட ரமழானில் தராவீஹை வீட்டு ஹோலில் தொழுதோம். ஒரு வருடம் அடைந்து கிடந்த ஜனங்களுக்கு 2021 ஏப்ரல் கதவு திறந்தாற்போல் வந்தது. நாளொன்றுக்கு இருநூறு பேரளவில்தான் தொற்று என்று செய்தியில் சொன்னார்கள். தடுப்பூசியும் வரத் தொடங்கியிருந்தது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையும் நோன்பின் ஆரம்பமும் ஒரே வாரத்தில் விழுந்தன. பயணத்துக்குத் தடை இருக்கவில்லை. சுகாதாரத் துறையினர் மட்டும் கூட்டம் கூட வேண்டாமென்று எச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். பேராதனை, கம்பளை, புஸ்ஸல்லாவை, றம்பொடை என்று ஏறிப்போகும் வீதியில் வாகனங்கள் வரிசை கட்டின. கிரகரி வாவிக் கரையிலும் விக்டோரியா பூங்காவிலும் ஜனக்கூட்டம். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று எல்லாரும்தான் போனார்கள். இதில் ஒரு சமூகத்தின் மீது மட்டும் விரல் நீட்டுவது அநியாயம். அந்த அநியாயத்தை 2020இல் நாமே அனுபவித்திருக்கிறோம்.

ஏப்ரல் முடிவதற்குள், பிரித்தானியாவில் முதலில் கண்டறியப்பட்ட வேகமாகப் பரவும் வகை நம் நாட்டில் பரவிவிட்டதை ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள். மே மாதப் பிற்பகுதியில் நாளொன்றுக்கு 2,500க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று. மே 14ஆம் திகதி நோன்புப் பெருநாள். அதற்கு முந்திய இரவு 11 மணிக்கே நாடு முழுவதும் பயணக் கட்டுப்பாடு வந்துவிட்டது. பெருநாள் உடுப்பை உடுத்துக்கொண்டு பிள்ளைகள் வாசலோடு நின்றார்கள். மே 21 முதல் ஜூன் 21 வரை மறுபடியும் கட்டுப்பாடு. ஏப்ரல் நடுப்பகுதியில் மொத்தம் அறுநூறு அளவில் இருந்த மரணத் தொகை வருட முடிவில் பதினைந்தாயிரத்தை எட்டியது. இவற்றில் பெரும்பகுதி ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் டெல்டா வகை வந்தபோது நேர்ந்தவை. எல்லாவற்றையும் ஏப்ரல் பயணங்களின் தலையில் கட்டுவது சரியன்று. ஆனால் ஏப்ரலில் கூடிக் கலந்ததும் மே மாதத்து அலையும் தொடர்பற்றவை என்று சொல்லவும் வழியில்லை.

நம்முடைய குளிர்மலையில் நடந்தது உலகின் பனிமலைகளில் ஒரு வருடம் முன்பே நடந்திருந்தது. ஒஸ்திரியா நாட்டில் ஈஷ்கல் என்று ஒரு மலைக்கிராமம் இருக்கிறது. நிலையாக வசிப்போர் 1,600 பேரளவில்தான். குளிர்காலத்தில் ஐரோப்பாவின் பல திசைகளிலிருந்தும் பனிச்சறுக்கு விளையாட அங்கே வருவார்கள். காலில் நீண்ட பலகையைப் பூட்டிக்கொண்டு பனிச்சரிவில் வழுக்கி இறங்குவது இந்த விளையாட்டு. திறந்த வெளி, சுத்தமான காற்று, ஆளுக்கும் ஆளுக்கும் போதிய இடைவெளி. இதில் எப்படி நோய் பரவும் என்று உங்களுக்குத் தோன்றும். பனிச்சரிவு அதற்குப் பெரிய காரணமாக இருக்கவில்லை. மேலே ஏறுவதற்கு மூடிய கேபிள் காரில் நெருங்கி நிற்க வேண்டும். பொழுது சாய்ந்தபின் குளிருக்காகக் கதவடைத்த மதுக்கூடங்களில் தோளோடு தோள் உரசிப் பாட்டும் கூச்சலுமாக இருப்பார்கள். 2020 மார்ச் 5இல், அங்கிருந்து திரும்பிய தன் மக்களிடம் தொற்றைக் கண்ட ஐஸ்லாந்து, ஈஷ்கலை ஆபத்தான இடமென்று அறிவித்தது. மார்ச் 7இல் அங்குள்ள மதுக்கூடம் ஒன்றின் பணியாளருக்குத் தொற்று உறுதியானது. அதன் பிறகும் சில நாட்கள் பனிச்சறுக்கும் வியாபாரமும் நடந்தன. பின்னர் இன்ஸ்பிரக் மருத்துவப் பல்கலைக்கழகம் அந்தக் கிராமத்தாரின் இரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்கு 42.4 பேருக்கு நோய் வந்துபோன அடையாளம் இருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் தமக்கு அங்கேதான் தொற்றியதாக ஒரு நுகர்வோர் சங்கத்திடம் பதிந்தார்கள்.

நாம் மதுக்கூடத்துக்குப் போகிறவர்கள் அல்லர், அல்ஹம்து லில்லாஹ். ஆனால் இந்தக் கிருமி ஹலால் ஹராம் பார்த்து வருவதில்லை. நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. றம்பொடை தாண்டினால் பிள்ளைகளுக்குக் குளிரும் என்று வேன் கண்ணாடிகளை ஏற்றிவிடுகிறோம். பதினான்கு பேர் இருக்கும் வேனில் அதன்பின் ஒரே காற்றைத்தான் எல்லாரும் மாறிமாறிச் சுவாசிக்கிறார்கள். ஒருவர் பேசும்போதும் சிரிக்கும்போதும் வெளிவரும் மிக நுண்ணிய துளிகள் மூடிய இடத்தின் காற்றில் நெடுநேரம் தங்கி நிற்கும். வேனில் சினிமாப் பாட்டுப் பாடினாலும் பைத் படித்தாலும் மூச்சு மூச்சுதான். இரவில் இரண்டு அறைகளில் பாய் போட்டு இருபது பேர் படுக்கிறோம். காய்ச்சல் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே ஒருவர் பிறருக்குத் தொற்ற வைக்கக்கூடும். வாவிக்கரையில் குதிரை ஏறிய பிள்ளைக்கு அங்கே ஆபத்து சொற்பம். அதே பிள்ளை திரும்பி வந்து, ஆசையோடு உம்மும்மாவின் மடியில் ஏறிப் பயணக்கதை சொல்கிறதே, அங்கேதான் பாரம் இறங்குகிறது. ட்ரிப் போனவர்கள் இளையவர்கள். அவர்களுக்குத் தடிமலோடு போயிற்று. இன்பத்தை அனுபவித்தவர் ஒருவர், அதன் கடனை அடைத்தவர் வேறொருவர். சகோதரியின் மனத்தை அரிப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

இனி கத்ர் விடயத்துக்கு வருவோம். கணவர் சொன்ன இதே வார்த்தையை, அவரைவிடப் பன்மடங்கு உயர்ந்த ஒருவர், உமர் (ரழி) அவர்களிடமே சொல்லியிருக்கிறார். உமர் (ரழி) கலீஃபாவாக இருந்த காலத்தில் ஷாம் தேசத்தை நோக்கிப் புறப்பட்டு ஸர்க் என்ற இடத்தை அடைந்தபோது, அபூ உபைதா (ரழி) முதலிய தளபதிகள் எதிரே வந்து, அங்கே தாஊன் என்னும் கொள்ளைநோய் பரவியிருப்பதைத் தெரிவித்தார்கள். உமர் (ரழி) முதலில் முஹாஜிர்களைக் கூப்பிட்டு ஆலோசித்தார்கள். கருத்து பிரிந்தது. அன்ஸாரிகளைக் கூப்பிட்டார்கள். அவர்களிடமும் பிரிந்தது. கடைசியாக மக்கா வெற்றியின் காலத்தில் வந்து சேர்ந்த குறைஷி முதியவர்களைக் கேட்டார்கள். ஜனங்களை நோய்க்குள் கொண்டுபோய்த் தள்ள வேண்டாம், திரும்புங்கள் என்று அவர்கள் ஒரே குரலாகச் சொன்னார்கள். திரும்புவதென்று முடிவானபோது அபூ உபைதா (ரழி), அல்லாஹ்வின் கத்ரிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று கேட்டார்கள். ஆம், ஒரு கத்ரிலிருந்து மற்றொரு கத்ருக்குப் போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரழி) பதில் கொடுத்தார்கள். ஒரு பக்கம் பசுமையும் மறுபக்கம் வறட்சியுமான பள்ளத்தாக்கில் ஒட்டகம் மேய்ப்பவர் எந்தப் பக்கத்தில் மேய்த்தாலும் அதுவும் கத்ர்தானே என்று உவமையும் காட்டினார்கள். பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) வந்து, நோயுள்ள ஊருக்குள் நுழைவதையும், தாம் இருக்கும் ஊரில் நோய் வந்தால் அதிலிருந்து தப்பி ஓடுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததைத் தாம் கேட்டிருப்பதாக அறிவித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகின்ற ஹதீஸ் இது.

சகோதரிகளே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ட்ரிப் போவது கத்ர் என்றால், போகாமல் வீட்டில் இருப்பதும் கத்ர்தான். ஆசைப்பட்டதைச் செய்வதற்கு மட்டும் கத்ரைத் துணைக்கு அழைத்து, விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் அதை மறந்துவிடுகிறோம். ஈமானோடு சொன்னாலும் இது பாதி வாதம்.

அந்த ஹதீஸின் இரண்டாம் பாதிக்கும் இக்காலத்தில் உதாரணம் உண்டு. 2020 மார்ச் 13இல் ஈஷ்கல் பள்ளத்தாக்கு தனிமைப்படுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்ததும், அங்கிருந்த உல்லாசப் பயணிகள் வீதி நிறைந்த வாகனங்களில் வெளியேறினார்கள். சிலர் சறுக்குப் பாதணியோடே ஓடியதாகச் செய்திகள் வந்தன. முன்னாயத்தம் இல்லாமல் அறிவித்ததே அந்தக் குழப்பத்துக்குக் காரணமென்று அவ்வருடம் ஒக்டோபரில் விசாரணைக் குழு குறை கூறியது. அதே வருட டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் வெர்பியே என்ற பனிமலை ஊரில், தனிமைப்படுத்தப்பட்ட பிரித்தானியப் பயணிகளுள் இருநூறு பேரளவில் இரவோடிரவாக நழுவிவிட்டார்கள். படித்தவர்கள், வசதியுள்ளவர்கள். நம் ஊர்களிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருகிறார் என்றவுடன் காய்ச்சல்காரரைப் பின்வாசலால் தங்கை வீட்டுக்கு அனுப்பிய கதைகள் இல்லாமலில்லை. அந்நாட்களில் கொவிட் என்றால் ஜனாஸாவை எரித்துவிடுவார்கள் என்ற பயமும் அதற்கொரு காரணமாக இருந்தது. அதையும் மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

கூடுவது பற்றி இன்னொரு செய்தி. ஃபத்ஹுல் பாரியை எழுதிய இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (ரஹ்) நம் ஷாஃபிஈ மத்ஹபின் மாபெரும் அறிஞர். கொள்ளைநோய் பற்றி ‘பத்லுல் மாஊன்’ என்று தனி நூலே எழுதினார்கள். அது வெறும் ஏட்டறிவால் எழுதிய நூலன்று. ஹிஜ்ரி 819இல் ஃபாத்திமா, ஆலியா என்ற இரு புதல்விகளை நோய் கொண்டுபோயிற்று. 833இல் மூத்த மகள் ஸைன் காத்தூன் கர்ப்பிணியாக இருந்த நிலையில் மௌத்தானார். மூன்று பெண்மக்களை மண்ணில் வைத்த தகப்பனின் நூல் அது. அதில் அவர்கள் தம் கண்ணால் கண்டதைப் பதிந்திருக்கிறார்கள். 833இல், அதாவது கிறிஸ்தவ வருடம் 1430இல், கெய்ரோவில் தாஊன் தொடங்கியபோது நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவானோரே இறந்தார்கள். மழைவேண்டித் தொழுவதற்குச் செய்வதைப்போல் மூன்று நாள் நோன்பு அறிவிக்கப்பட்டு, ஜனங்கள் பாலைவெளியில் ஒன்றுகூடி துஆச் செய்து திரும்பினார்கள். அந்த மாதம் கழிவதற்குள் நாளொன்றுக்கு இறப்போர் தொகை ஆயிரத்தைத் தாண்டியது.

அவர்கள் கூடியது அல்லாஹ்விடம் அழுவதற்கு. அதற்கே நிலைமை அப்படியென்றால், ஸ்ட்ரோபெரியும் ஐஸ்கிரீமும் சாப்பிடக் கூடியதைப் பற்றி நான் தனியே சொல்ல வேண்டியதில்லை. 2020இல் ஹஜ்ஜே ஆயிரம் பேரளவுக்குச் சுருக்கப்பட்டது. நம் கண்டி மாநகரின் எசல பெரஹராவை 2020, 2021 இரண்டு வருடங்களும் பார்வையாளர் இல்லாமலே நடத்தினார்கள். கடமைகளும் பெருவிழாக்களும் தம்மைச் சுருக்கிக்கொண்டபோது, சுருங்க மறுத்தது நமது உல்லாசம்தான்.

மலை என்றால் தவறென்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஹிஜ்ரி 18இல் அம்வாஸ் கொள்ளைநோய் ஷாமை வாட்டியது. அபூ உபைதா (ரழி) அதிலே மௌத்தானார்கள். அவர்களுக்குப் பின் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரழி) அவர்களும் மௌத்தானார்கள். அடுத்து வந்த அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி), இந்த நோய் நெருப்பைப்போல் பற்றும், மலைகளுக்குப் போய்விடுங்கள் என்ற கருத்தில் ஜனங்களுக்கு உத்தரவிட்டு, அவர்களைப் பிரிந்துபோகச் செய்தார்கள் என்று முஸ்னது அஹ்மதில் வருகிறது. அவர்கள் மலையேறியது பிரிந்து இருப்பதற்கு. நாம் 2021இல் மலையேறியது ஒன்றாகக் கூடுவதற்கு.

இப்போது சகோதரியின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். மாமி உங்களால்தான் மௌத்தானார் என்று சொல்ல எனக்கோ உங்களுக்கோ எந்த ஆதாரமும் இல்லை. அந்த நோன்பு நாட்களில் கடைக்குப் போனவர், பால் கொண்டுவந்தவர், பக்கத்து வீட்டார் என்று எத்தனையோ பேர் அந்த வாசலைத் தாண்டியிருப்பார்கள். ஃபிக்ஹ் நூல்களில் ஒரு செயலை நேரே செய்தவர் என்றும், அதற்குக் காரணமாக அமைந்தவர் என்றும் பிரித்துப் பேசுவார்கள். காரணமானவர் மீது பொறுப்பைச் சுமத்துவதற்கு அவர் வரம்பு மீறியிருக்க வேண்டும். நோய் இருப்பதே தெரியாமல், தடை இல்லாத நேரத்தில் போய்வந்த உங்கள் மீது கொலைப்பழி இல்லை. அந்த எண்ணத்தை மனத்திலிருந்து இறக்கி வையுங்கள். மாமிக்காகத் துஆக் கேளுங்கள், ஸதகா கொடுங்கள். கொள்ளைநோயில் இறக்கும் முஃமினுக்கு ஷஹீதின் கூலி உண்டென்று ஹதீஸ்களில் வருகிறது. அந்த ஆதரவோடு இருங்கள்.

ஆனால் உங்கள் மனம் நோவது தவறு என்று உங்கள் கணவர் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அன்று தெரியாமல் இருந்த ஒன்று இன்று தெரிந்திருக்கிறது. தெரிந்தபின் சட்டமும் மாறிவிடும். நோயுற்ற ஒட்டகங்களின் சொந்தக்காரர் அவற்றை ஆரோக்கியமான ஒட்டகங்களிடம் கொண்டுவரக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். நோய் தானாகவே தொற்றும் ஆற்றலுடையது என்ற அறியாமைக் கால நம்பிக்கையை மறுத்தவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஆற்றல் அல்லாஹ்விடம், விலக்கி வைக்கும் பொறுப்பு நம்மிடம். அதிலும் அந்தப் பொறுப்பு நோயுற்ற ஒட்டகத்தை வைத்திருப்பவர் மீதே போடப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். “மூத்தாப்பா பயமென்றால் அறைக்குள் இருக்கட்டும்” என்பது அந்த ஹதீஸைத் தலைகீழாகப் பிடிப்பதாகும். விலகி இருக்க வேண்டியது காய்ச்சல்காரப் பிள்ளையும் அதைப் பராமரிக்கும் நீங்களும்.

கொவிட் அவசரநிலை முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5இல் அறிவித்தது. இன்று ஊரடங்கும் இல்லை, முகக்கவசக் கட்டாயமும் இல்லை. இப்போது பிள்ளைக்கு வந்திருப்பது சாதாரணச் சளிக்காய்ச்சலாகவே இருக்கலாம். இளையவருக்குச் சாதாரணமான அந்தக் காய்ச்சலே எண்பது வயது நெஞ்சில் நியூமோனியாவாக மாறுவதை வைத்தியர்கள் தினமும் பார்க்கிறார்கள். எனவே என் கருத்து: காய்ச்சல் இருக்கும் பிள்ளையோடு வேன் ஏறாதீர்கள். வேனுக்கும் அறைக்கும் முற்பணம் கட்டியாகிவிட்டது, வீண்விரயம் ஆகாதா என்று வீட்டில் நிச்சயம் கேட்பார்கள். காரணத்தோடு விட்ட காசு வீண்விரயத்தில் சேராது. பத்தாயிரமோ இருபதாயிரமோ, அதை மூத்தாப்பாவின் மருந்துச் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை தேறியபின் போவதென்றால் தாராளமாகப் போங்கள். பிரயாணம் ஆகுமானது, பிள்ளைகளை மகிழ்விப்பதும் நன்மைதான். இரண்டு வீட்டாரை ஒரே வேனில் அடைக்காமல், கண்ணாடியைக் கொஞ்சமாவது இறக்கி, பிள்ளைகளுக்கு ஒரு ஸ்வெட்டரைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டு போங்கள். நெரிசலான நாட்களை விட்டு இன்னொரு வாரம் போனால் அறைக் கூலியும் குறையும். ஊரிலிருந்து திரும்பி வந்து யாருக்காவது தொண்டை அரித்தால், மூத்தாப்பாவின் அறை வாசலில் நின்று ஸலாம் சொல்லிவிட்டு நாலைந்து நாள் தள்ளி இருங்கள். தள்ளி நிற்பதை மரியாதைக் குறைவாக எடுக்க வேண்டாமென்று அவரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். வயதானவர்களுக்கு நோயைவிட அந்த மனத்தாங்கல் பெரிது.

இதையெல்லாம் வீட்டில் யார் சொல்வது என்று கேட்பீர்கள். பயணத்துக்குச் சோறு கட்டுவது நீங்கள், உடுப்பை அடுக்குவது நீங்கள், எந்தப் பிள்ளைக்கு நெற்றி சுடுகிறது என்று முதலில் அறிவதும் நீங்கள்தான். ஸர்க்கில் உமர் (ரழி) அவர்களுக்குச் செய்தி சொல்ல எதிரே ஆட்கள் வந்தார்கள். உங்கள் வீட்டில் அந்தச் செய்தியைக் கொண்டுவரும் ஆள் நீங்கள். ஆலோசனை என்றால் ஆண்கள் மட்டும் வேன்காரரோடு பேசி முடிப்பதன்று.

ஓட்டமாவடியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல் என்னால் முடிக்க இயலவில்லை. 2020 ஏப்ரல் வர்த்தமானியால் நம் ஜனாஸாக்கள் தகனம் செய்யப்பட்டன. பிறந்து இருபது நாளான சிசுவையும் விட்டுவைக்கவில்லை. எவ்வளவு அழுகை, எத்தனை மகஜர், வேறு மதத்தவர் எத்தனை பேர் நம்மோடு வீதியில் நின்றார்கள்! 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. மார்ச் 5இல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் அடக்கம். 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரவும் தீர்மானித்தது. அந்த அனுமதி கிடைத்து ஏழு வாரத்துக்குள் வந்ததே அந்த ஏப்ரல் விடுமுறை. 2022 மார்ச்சில் அவரவர் ஊர் மையவாடியில் அடக்கலாம் என்று ஆகும்வரை, நாட்டின் எந்த மூலையில் மௌத்தானாலும் பெரும்பாலும் அங்கேதான் போக வேண்டியிருந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே அடங்கியிருக்கிறார்கள். அவர்களில் பிற மதத்தவரும் உண்டு. கண்டிப் பகுதி ஜனாஸாக்கள் மாத்தளை, தம்புள்ளை, பொலன்னறுவை தாண்டி இராணுவப் பாதுகாப்போடு போயின. குளிப்பாட்டவும் கபனிடவும் வீட்டார் கைக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைகளைப் பெற்று வளர்த்த ஊரின் மையவாடி கூப்பிடு தூரத்தில் இருக்க, அந்தத் தாய்மார் முன்பின் பார்த்திராத மண்ணில் உறங்குகிறார்கள். சகோதரி தன் மாமியின் கப்ரை இதுவரை பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறார். இந்த விடுமுறைக்குப் பேசிய வேன் ஒருநாள் அந்தப் பக்கம் திரும்பலாமே என்று அவருடைய கணவரிடம் இப்பக்கத்தின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை தேறட்டும், மூத்தாப்பாவால் முடியுமென்றால் அவரையும் அழைத்துக்கொண்டு போகலாம். பெண்கள் ஸியாரத்துக்குப் போவது பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்துகளைச் சென்ற வருடம் எழுதியிருக்கிறேன். ஒப்பாரியில்லாமல், அதபோடு போய் ஸலாம் சொல்லித் துஆக் கேட்டு வருவதை நம் மத்ஹபில் ஹராமென்று தடுத்துவிடவில்லை.

கடிதத்தின் இரண்டாவது கேள்வி, இப்படியான பயணங்களில் தொழுகையைச் சுருக்குவதும் சேர்த்துத் தொழுவதும் பற்றியது. கண்டியிலிருந்து நுவரெலியா அந்தத் தூரத்துக்குள் வருமா என்பதில் கணக்குப் பார்க்க வேண்டியிருப்பதால், அதை அடுத்த இதழில் விரிவாக எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.